தகுதிக்கு மீறிய குளிர்ச்சி

அறிவிப்புப் பலகைத் துறைன்னு ஒரு துறை இருக்கு. தெருவுல, மாடிப்படியில, பூங்காவுல எல்லாம் "தொடாதே", "துப்பாதே", "சாயாதே", "உள்ளே வராதே"ன்னு போர்டு நிக்குதே, அதெல்லாம் தானா முளைக்குதுன்னா நினைச்சீங்க? அதுக்கு மூணு மாடிக் கட்டடம், இருநூத்தி நாப்பது பேரு, அவங்களுக்கு மேல ஒரு பெரியவரு, பெரியவருக்கு ஒரு காரு, காருக்கு ஒரு டிரைவரு. இத்தனை பேரும் சேந்து முக்கினாத்தான் ஒரு "துப்பாதே" வெளிய வரும். அது வர்றதுக்குள்ள துப்புறவன் துப்பிட்டு வீட்டுக்குப் போயிருப்பான், அது வேற விஷயம்.

டிரைவருக்கு அப்பா அம்மா வெச்ச பேரு ஒண்ணு இருந்துச்சு. யாரும் கூப்பிடறதில்ல. பதினோரு வருஷமா தற்காலிக வேலை, அதனால ஆபீஸுக்கே அவன் 'டெம்பரவரி'. "டெம்பரவரி, வண்டியை எடு." "டெம்பரவரி, டீ சொல்லு." வீட்டுல மாமியார்கூட, "நம்ம டெம்பரவரி மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?"ன்னுதான் கேக்கும். அவனுக்கு அப்புறம் வேலைக்கு வந்த நிரந்தர ஆளுங்க பத்துப் பதினஞ்சு பேரு மாலை போட்டு ரிட்டயராகியும் போயாச்சு. இவன் மட்டும் ஆணியடிச்ச மாதிரி அதே சீட்டுல தற்காலிகமா உக்காந்திருக்கான்.

அந்தத் துறையில ஒரு விதி. பதினோரு வருஷத்துக்கு மேல எவனும் தற்காலிகமா இருக்கக் கூடாது. பன்னெண்டாவது வருஷம் பொறக்கறதுக்குள்ள ஒண்ணு நிரந்தரம் ஆகணும், இல்ல வீட்டுக்குப் போகணும். நல்ல எண்ணத்துல போட்ட விதிதான். மனுஷனை ரொம்ப நாள் தொங்கவிடக் கூடாதாம், கயித்தை அறுத்து விட்டுடணுமாம்.

டெம்பரவரிக்கு இன்னும் இருபத்தாறு நாள் பாக்கி. ஃபைல் தவழ்ந்து தவழ்ந்து பெரியவர் மேசை வரைக்கும் வந்தாச்சு. ஒரே ஒரு கையெழுத்து. வீட்டுல பொண்டாட்டி காலண்டர்ல தினம் ஒரு கட்டத்தை அடிச்சிக்கிட்டிருக்கா.

அந்த நேரம் பாத்துக் கார் பேட்டரி மண்டையைப் போட்டுச்சு.

அந்தக் காரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியாகணும். பக்கத்துக் கட்டடத்துல அளவுகோல் துறை. அந்தத் துறைப் பெரியவரு வாங்கிட்டாருன்னு நம்ம பெரியவரும் அடம்பிடிச்சு வாங்கின காரு. ஏசிக்கு ரெண்டு குமிழு. ஓட்டுறவன் பக்கம் ஒரு குளிரு, பக்கத்து சீட்டுக்கு ஒரு குளிரு, அவங்கவங்க இஷ்டப்படி தனித்தனியா வெச்சிக்கலாம். வீட்டுல புருஷன் பொண்டாட்டிக்கே இல்லாத சுதந்திரம். காத்து மூஞ்சிலயே அடிக்கணும்னு பெரியவரு பின்னாடி உக்கார மாட்டாரு, எப்பவும் முன்சீட்டுதான்.

ஸ்டோர்லேருந்து புது பேட்டரி வந்துச்சு. டெம்பரவரியே ஸ்பேனர் எடுத்து மாட்டினான். வண்டி கிண்ணுனு ஸ்டார்ட் ஆச்சு. பெரியவரு ஏறினாரு. பாதித் தெரு போறதுக்குள்ள கழுத்துப் பட்டையைத் தளத்தினாரு.

"என்னய்யா, அடுப்படி மாதிரி காந்துது? என் பக்கம் சூடா வருதே?"

இந்த இடத்துலதான் டெம்பரவரி தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டான். "எனக்கும் சூடுதான் சார், வெயில் அப்படி"ன்னு சொல்லியிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். இவன் உண்மையைச் சொன்னான்.

"இங்க ஜில்லுனுதான் சார் வருது."

பெரியவரு கையை நீட்டி, அவன் பக்கத்துக் காத்துல வெச்சுப் பாத்தாரு. ஐஸு.

"எத்தனை நாளா இது?"

"இன்னைக்குத்தான் சார். பேட்டரி மாத்தினதும் இப்படி ஆயிடுச்சு."

"பேட்டரியை மாத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"ஓ"ன்னாரு பெரியவரு.

அந்த "ஓ" மத்தியானத்துக்குள்ள நாலு பக்கமா வளந்து, நம்பர் போட்டு, டெம்பரவரி கைக்கு வந்துச்சு.

"மேற்படி வாகனத்தில் மேற்படி நபர், தமது பதவித் தகுதிக்கு மீறிய குளிர்ச்சியை நாற்பத்திரண்டு நிமிடங்கள் தொடர்ந்து அனுபவித்ததாகவும், அதே நேரத்தில் மேலதிகாரி அவர்கள் தமது தகுதிக்குச் சற்றும் பொருந்தாத வெப்பத்துக்கு உள்ளாக்கப்பட்டதாகவும் தெரிய வருகிறது. இது குறித்து ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு..."

எழுதினது தலைமை எழுத்தர். ஆபீஸ்ல அவருக்குப் பேரு 'மேற்படி'. பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதினாலும் "மேற்படி பிள்ளைகள் நலமா?"ன்னு எழுதுற ஆளு. டெம்பரவரி காயிதத்தைத் தூக்கிக்கிட்டு அவர் முன்னாடி போய் நின்னான்.

"என்ன சார் இது? காத்துக்கு நானா வழி சொல்லி அனுப்பினேன்?"

மேற்படி மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "இதோ பாரு. என் மேசை ஃபேன் என் பக்கம் வரணும்னா நான் திருப்பணும். திருப்பாம வருமா?"

"வராது சார்."

"உன் பக்கம் குளிர் வந்திருக்கு. ஆகவே நீ திருப்பியிருக்கே. ஒத்துக்கிட்டதா எழுதிக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம் சார்! என் நிரந்தர ஃபைல் என்ன சார் ஆச்சு?"

"பத்திரமா இருக்கு. மேற்படி ஃபைல் மேல இந்த ஃபைலை வெச்சிருக்கேன். மேல இருக்கிறது நகந்தாத்தானே கீழ இருக்கிறது நகரும்?"

சாயங்காலம் நேரா மச்சான் கடைக்குப் போனான். பொண்டாட்டியோட தம்பி, கார் மெக்கானிக்கு. ஒரு தகரக் கூரை, நாலு டயரு, ஒரு ரேடியோ, ஊர்ப்பட்ட கிரீஸு, அதுதான் கடை. மச்சான் ஒரு வண்டிக்கு அடியில படுத்திருந்தான். காலு மட்டும்தான் தெரிஞ்சுது. டெம்பரவரி காலுகிட்டயே கதையெல்லாம் சொல்லி முடிச்சான். அடியிலேருந்து சிரிப்பு வந்துச்சு.

"மாமா, இது ஒரு வியாதியே இல்ல. டேஷ்போர்டுக்கு உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. சூட்டுக் காத்தையும் குளிர் காத்தையும் அதுதான் கலந்து விடும். பேட்டரியைக் கழட்டினா, எந்தக் கதவு எங்க நின்னுச்சுங்கறது அதுக்கு மறந்துடும். உங்க பெரியவர் பக்கத்துக் கதவு சூட்டுப் பக்கம் சிக்கிக்கிட்டு நிக்குது."

"எத்தனை நாள் வேலைடா?"

"வேலையா? சாவியைப் போட்டு ஆன்ல வைங்க. ரெண்டு நிமிஷம் எந்தப் பட்டனையும் யாரும் தொடாதீங்க. அது தானா கதவைத் திறந்து மூடிப் பாத்துக்கிட்டுச் சரியாயிடும். நடுவுல ஒரு பட்டனைத் தொட்டாலும் போச்சு, பாதியில நின்னுடும். திரும்ப முதல்லேருந்து."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கணும். உங்க ஆபீஸ்ல அதுக்கா ஆள் இல்ல?"

டெம்பரவரிக்கு உசுரு திரும்பி வந்துச்சு. மறுநாள் கூட்டிப் பெருக்குறவ வர்றதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல நின்னான். வண்டி கிட்டப் போனா, கைப்பிடியில ஒரு நூலு, நூல்ல ஒரு அரக்கு முத்திரை. சாவி மேற்படியோட டிராயர்ல.

"புகாருக்குள்ளான வாகனத்தில் புகாருக்குள்ளானவர் தனியே இருக்கக் கூடாது"ன்னு மேற்படி ராகம் போட்டுச் சொன்னாரு. "பொறுப்புள்ள ஒருத்தர் கூட இருக்கணும். நான் வர்றேன், வா."

ரெண்டு பேரும் ஏறினாங்க. டெம்பரவரி சாவியைத் திருப்பினான். விளக்கெல்லாம் எரிஞ்சுது. உள்ள எங்கயோ கிர்ர்ருனு ஒரு சத்தம், எலிக்குட்டி கொட்டாவி விட்ட மாதிரி.

"கேக்குதா சார்? கதவு நகருது. ரெண்டு நிமிஷம் எதையும் தொடாதீங்க, போதும்."

"நான் எதுக்குப்பா தொடப் போறேன்?"

அதுவும் சரிதான். முப்பது வருஷமா ஒரு வேலையும் தொடாம சம்பளம் வாங்கின கை அது. ஆனா பாருங்க, மனுஷன் தானா சும்மா இருக்கிறது வேற, சும்மா இருன்னு ஒருத்தன் சொல்லி இருக்கிறது வேற. முப்பது விநாடியில மேற்படி முழங்கையைச் சொறிஞ்சாரு. ஒரு நிமிஷத்துல தொடையைத் தட்டினாரு. ஒரு நிமிஷம் நாப்பது விநாடி. டக்.

"சார்! தொடாதீங்கன்னேனே!"

"நான் எங்க தொட்டேன்? அழுத்தினேன். அதுல ஒரு சின்ன ஃபேன் படம் போட்டிருந்துச்சு, என்னன்னு பாத்தேன்."

கிர்ர்ரு நின்னு போச்சு. திரும்ப முதல்லேருந்து. அன்னைக்கு ஒம்போது தடவை பாத்தாங்க. ஒம்போது தடவையும் மேற்படி வெவ்வேற பட்டனா அழுத்தி அறிவை வளத்துக்கிட்டாரு.

சேதி பெரியவர் காதுக்குப் போச்சு. "நகருங்க, நானே உக்காருறேன்"ன்னு எறங்கி வந்தாரு. அம்பது விநாடி தாங்கினாரு. அப்புறம் பெரிய குமிழைப் புடிச்சு ஒரு திருகு.

"சார், ரெண்டு நிமிஷம் சும்மா இருந்தா..."

"சும்மா உக்காரவாய்யா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

கார்ல இருந்தவங்க கண்ணாடி வழியா வெளிய பாத்துக்கிட்டாங்க.

அடுத்து ஒரு குழு போட்டாங்க. அஞ்சு பேரு. வண்டியைச் சுத்தி நாற்காலி போட்டு உக்காந்து பேசினாங்க. டெம்பரவரி ஓரமா, கையைக் கட்டிக்கிட்டு, ஒரு பக்கம் விடாம விளக்கிக்கிட்டிருந்தான்.

"அதாவது, ரெண்டு நிமிஷம் யாரும் ஒண்ணும் செய்யக் கூடாதுங்கற?"

"ஆமா சார்."

"ஒண்ணும் செய்யாததுக்கு யாரு பொறுப்பு?"

"யாரும் பொறுப்பு இல்ல சார். ஒண்ணுமே செய்யலையே."

"அது எப்படிய்யா? ஏதாவது செஞ்சு வண்டி கெட்டுச்சுன்னா, செஞ்சவனைக் கேக்கலாம். ஒண்ணும் செய்யாம வண்டி சரியாயிடுச்சுன்னா, யாரைப் பாராட்டுறது? இந்தக் குழுவுக்கு என்ன வேலை?"

பதினொரு நாள் கூடினாங்க. கடைசியில ஒரு முடிவுக்கு வந்தாங்க. அதிகாரிகள் தொடாம இருக்கணும்னா, தொடாதேன்னு எழுத்துல இருக்கணும். எழுத்துல இருக்கணும்னா, போர்டு வேணும். நல்லவேளையா நாமளே போர்டுத் துறை! எல்லாருக்கும் மூஞ்சி மலர்ந்துச்சு. ஆனா துறையோட "தொடாதே" போர்டு ஒரே அளவுலதான் வரும். நாலடிக்கு ரெண்டடி, இரும்பு, சுத்தி மஞ்சள் பட்டை.

"கார்ல கொள்ளாது சார்"னான் டெம்பரவரி.

"போர்டைச் சின்னதா பண்ணினா தரம் குறைஞ்சுடும். காரைக் கொஞ்சம் அனுசரிச்சுக்கச் சொல்லு."

கார் அனுசரிச்சுது. கண்ணாடிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல போர்டைச் சொருகி, நாலு முனையிலயும் போல்டு போட்டு இறுக்கினாங்க. இறுக்கினா என்ன ஆகும்? போர்டு போய் எல்லாப் பட்டன் மேலயும் ஒரே நேரத்துல உக்காந்துச்சு. இதுவரைக்கும் ஒரு தடவைக்கு ஒரு பட்டனைத்தான் மனுஷன் தொட்டான். இப்ப "தொடாதே"ங்கற போர்டு எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா தொட்டுக்கிட்டு நின்னுச்சு. பெரியவர் பக்கம் அனல் பறந்துச்சு. டெம்பரவரி பக்கம், கேக்கவே வேணாம், பனி கொட்டாத குறை. ரெண்டு நாள் கழிச்சு, ரோடு தெரியலைங்கற சின்னக் காரணத்துக்காகப் போர்டைக் கழட்டினாங்க. சூடு மட்டும் அப்படியே தங்கிடுச்சு.

காலண்டர்ல இன்னும் எட்டுக் கட்டம்.

"என்னங்க, கையெழுத்து போட்டாங்களா?"ன்னா பொண்டாட்டி.

"ரெண்டு நிமிஷ வேலைடி. ஆளுங்களுக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"அந்தக் கையால ஒரு கையெழுத்து போட்டா என்னவாம்?"

இதுக்கு எந்தக் குழு பதில் சொல்லும்?

மறுநாள் காலையில பெரியவருக்கு மேலிடத்துல ஒரு கூட்டம். சட்டையெல்லாம் நனைஞ்சு போய் நிக்க முடியாது. வண்டிகிட்ட வந்தாரு, ரெண்டு கதவையும் திறந்து வெச்சாரு, இந்தப் பக்கம் கையை நீட்டினாரு, அந்தப் பக்கம் கையை நீட்டினாரு. ஒரு முடிவுக்கு வந்தாரு.

"எறங்குய்யா."

"சார்?"

"குளிர் யார் பக்கம் வருதோ, அந்தப் பக்கம்தான் நான். நீ இங்க வா."

இப்படித்தான் பெரியவரு ஓட்ட ஆரம்பிச்சாரு. கடைசியா அவரு வண்டி ஓட்டினது கல்யாணத்துக்கு முன்னாடி. கேட்டைத் தாண்டும்போதே கேட்டுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுத்தான் போனாரு. டெம்பரவரி பக்கத்துல உக்காந்து, மூஞ்சில அனலை வாங்கிக்கிட்டு, இல்லாத பிரேக்கைக் காலால மிதிச்சிக்கிட்டே போனான். மேலிடத்து வாசல்ல காவல்காரன் குனிஞ்சு பாத்தான். ஓட்டுறவன் டிரைவரு, பக்கத்துல இருக்கிறவன் அதிகாரி. காலங்காலமா அப்படித்தானே? டெம்பரவரிக்கு விறைப்பா ஒரு சல்யூட் வெச்சான். பெரியவரைப் பாத்து, "வண்டியை அந்த மூலையில போடுப்பா"ன்னான்.

பெரியவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு. அந்த நேரம் அளவுகோல் துறைப் பெரியவரு படியிலேருந்து எறங்கினாரு. இதைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு.

"அடேடே, நீங்களே ஓட்டுறீங்களா? டிரைவரைச் சமமா பக்கத்துல உக்கார வெச்சு?"

நம்ம பெரியவரு ஒரே ஒரு விநாடிதான் யோசிச்சாரு. "ஆமா. தலைவன்னா அவனே முன்னாடி நின்னு ஓட்டணும். இதுதான் இப்ப உலகம் பூரா."

ஏசி கெட்டுப் போச்சுன்னு எவன் சொல்லுவான்?

அவ்வளவுதான், தீ மாதிரி பத்திக்கிச்சு. மூணு நாள்ல அளவுகோல் துறைப் பெரியவரு ஓட்டுறாரு. அஞ்சாம் நாள் முத்திரைத் துறை, படிவத் துறை, நினைவூட்டல் துறை, எல்லாத் துறைப் பெரியவரும் ஓட்டுறாங்க. கைக்குத் தோல் உறை, தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பக்கத்துல அவங்கவங்க டிரைவரு உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு. "தானே ஓட்டும் தலைமை"ன்னு ஒரு நாள் வகுப்பு நடந்துச்சு. அதுல நம்ம பெரியவருதான் பேசினாரு. எதுக்குடா ஓட்டுறோம்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஓட்டாத அதிகாரியைப் பாத்தா, பாவம், பழைய காலத்து ஆளுன்னு உச்சுக் கொட்டினாங்க. அந்த வாரம் ஊர்ல ஒரு கேட்டும் கேட்டா இல்ல.

இத்தனையும் நல்லபடியா போயிட்டிருக்கும்போது, மாசம் முடிய ரெண்டு நாள் இருக்க, ஆள் எண்ணுற அம்மா வந்துச்சு. எந்த ஆபீஸ்ல எத்தனை பேரு, எதுக்கு இருக்காங்கன்னு எண்ணிப் பாத்துக் கூடுதலா இருந்தா கழிச்சுப் போடுற அதிகாரி. குரல் பஞ்சு மாதிரி இருக்கும், பென்சில் மட்டும் ஊசி.

"காரை ஓட்டுறது யாரு?"

"நான்தாம்மா"ன்னாரு பெரியவரு, நெஞ்சை நிமித்தி.

"அப்ப இவரு?"

"டிரைவர்."

"ஓட்டுறது நீங்க. டிரைவர் இவரு. ஓட்டாதவரு எதுக்கு டிரைவர்?" பென்சில் ஒரு கோடு போடப் போச்சு. "இவரை எடுத்துடலாம். நாளன்னைக்கு இவரோட காலமும் முடியுதே, நல்லதாப் போச்சு."

டெம்பரவரிக்கு அந்த அறையில இருந்த ஃபேன் சத்தம்கூடக் கேக்கல. பதினோரு வருஷம். ஒரு கோடு.

பெரியவரு தோளைக் குலுக்கினாரு. "சரி. ஆனா கேட்டைத் திறக்க, பின்னாடி போகும்போது எறங்கி நின்னு 'வரலாம், வரலாம்'னு சொல்ல, பக்கத்துல ஒரு ஆள் வேணுமே. மேற்படி, நாளையிலேருந்து நீங்க வந்து அந்த சீட்டுல உக்காந்துடுங்க."

அதுவரைக்கும் ஜன்னலோரம் நின்னு நகத்தைப் பாத்துக்கிட்டிருந்த மேற்படிக்கு அங்கயே வேத்துச்சு. "அந்த சீட்டா சார்?"

"அந்த சீட்டுதான்."

அப்புறம் நடந்ததை அந்த ஆபீஸ் இதுக்கு முன்னாடி பாத்ததில்ல, இனிமேலும் பாக்காது. மேற்படி ஓடினாரு. அறுபதை நெருங்குற மனுஷன், ரெண்டு ரெண்டு படியா தாண்டி ஓடினாரு. நாலு மணி நேரத்துல ஒரு ஃபைலு அஞ்சு மேசை தாண்டிக் கையெழுத்தோட வந்துச்சு. ஆள் எண்ணுற அம்மா முன்னாடி நின்னு, மூச்சு வாங்கிக்கிட்டே படிச்சாரு.

"மேற்படி வாகனத்தின் அருகிருக்கையில் வெளிப்படும் வெப்பம், அதனை ஏற்பதற்கு ஆளில்லாத நிலையில், ஓட்டுநர் பக்கமாகப் பரவி மேலதிகாரி அவர்களைப் பாதிக்கக் கூடும் என்பதால், மேற்படி வெப்பத்தை உரிய இடத்திலேயே தடுத்து ஏற்கும் பொருட்டு, 'வெப்பம் ஏற்கும் உதவியாளர்' என்னும் நிரந்தரப் பணியிடம் ஒன்று..."

அந்த அம்மா பென்சிலைக் கன்னத்துல வெச்சு யோசிச்சுது. "இதுக்கு அனுபவம் உள்ள ஆள் வேணுமே?"

"இருக்காரும்மா. ஏற்கனவே பல நாள் ஏத்திருக்காரு. அவரு அனுபவிச்ச நாப்பத்திரண்டு நிமிஷக் குளிர்ச்சியையும் அந்த வெப்பத்துல கழிச்சாச்சு. புகார் முடிஞ்சுது."

மேல இருந்த ஃபைல் நகந்துச்சு. கீழ இருந்த ஃபைலும் நகந்துச்சு. பதினோரு வருஷம் ஒழுங்கா வண்டி ஓட்டினதுக்குக் கிடைக்காத வேலை, ஆறு நாள் சும்மா உக்காந்து வெந்ததுக்குக் கிடைச்சுது. வீட்டுல பொண்டாட்டி ஆர்டரை மூணு தடவை வாங்கிப் பாத்தா. மாமியார் முதல் தடவையா, "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?"ன்னு மொட்டையா கேட்டுச்சு. முன்னாடி ஒட்டியிருந்த வார்த்தை காணாமப் போனதுல டெம்பரவரிக்கு யாரையோ கூப்பிடுற மாதிரி இருந்துச்சு.

ஒரு வாரம் போச்சு. பெரியவரு ஒரு பெரிய கூட்டத்துக்குப் போனாரு. வண்டியை நிழல்ல நிறுத்திட்டு, சாவியை அதுலயே விட்டுட்டு, தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு உள்ள போயிட்டாரு. புகார் முடிஞ்சாச்சே, காவலுக்கு யாரும் இல்ல. டெம்பரவரி தனியா உக்காந்திருந்தான். சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல.

கழுத்தெல்லாம் வேர்க்குரு. சட்டைக் காலர் உரசி உரசித் தோலு உரிஞ்சிருந்துச்சு. கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். விளக்கு எரிஞ்சுது. கிர்ர்ருனு அந்தச் சத்தம். கையை ரெண்டு தொடைக்கும் நடுவுல வெச்சு அமுக்கிக்கிட்டு எண்ண ஆரம்பிச்சான்.

அம்பது. அறுபது. உள்ள ஒரு கதவு திறந்துச்சு. எம்பது. இன்னொரு கதவு மூடிச்சு. நூறு. மூஞ்சில அடிச்ச காத்து வெதுவெதுப்பாச்சு. நூத்திப் பத்து. காத்துல லேசா ஒரு குளிரு. ஆகா! தோல் உரிஞ்ச கழுத்துல பட்டப்ப கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நூத்திப் பதினஞ்சு.

அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது. இந்தப் பக்கமும் குளிர் வந்துட்டா, ஏற்கிறதுக்கு வெப்பம் ஏது? வெப்பம் இல்லாம வெப்பம் ஏற்கும் உதவியாளர் எதுக்கு? அந்த அம்மா வருஷம் ஒரு தடவை வரும். பென்சிலோட வரும்.

நூத்திப் பதினாறு.

டக்.

சின்ன ஃபேன் படம் போட்ட பட்டன். அழுத்தினது அவன் விரலுதான். எலிக்குட்டி சத்தம் பாதியில அடங்குச்சு. அனலு பழையபடி மூஞ்சில வந்து உக்காந்துச்சு. டெம்பரவரி சாவியை நிறுத்திட்டு, சீட்டுல நல்லா சாஞ்சுக்கிட்டான்.

அந்த ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தான். கழுத்தைப் பாத்துப் பதறிட்டான்.

"என்ன மாமா இது, வெந்து போயிருக்கு! இன்னுமா சரி பண்ணல? வண்டியை ஒரு நாள் கடைப் பக்கம் கொண்டாங்க. யாரும் வேணாம், நானே ரெண்டு நிமிஷத்துல..."

"வாயை மூடுடா!"ன்னு டெம்பரவரி ஜன்னலைச் சாத்தினான். "யார் காதுலயாவது விழுந்து தொலைக்கப் போவுது. எட்டுத் துறையில எட்டு டிரைவருங்க தினம் என் வாசல்ல வந்து நிக்கறாங்க. அவங்க பெரியவருங்களும் ஓட்டுறாங்கல்ல? அவங்க கார்ல ரெண்டு பக்கமும் ஜில்லுனு வருதாம். வேலை போயிடுமாம். எப்படிண்ணே சூடு வர வைக்கிறதுன்னு கால்ல விழாத குறையா கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மனுவா எழுதிக் குடுங்கன்னேன். அளவுகோல் துறைக்கும் படிவத் துறைக்கும் பேட்டரியைக் கழட்டி மாட்ட நாள் குறிச்சுக் குடுத்திருக்கேன். முத்திரைத் துறை மனுவுல ஒரு குறை இருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டேன்."

மச்சான் கிரீஸ் ஏறின தன் நகத்தைப் பாத்தான். அக்கா கொண்டாந்து வெச்ச டீயைப் பாத்தான். சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஆர்டரைப் பாத்தான்.

"மாமா."

"சொல்லு."

"நினைவூட்டல் துறையில ஆள் எடுக்கறாங்களாமே. அந்த வெப்பம் ஏற்கும் சீட்டு... எனக்குப் பாத்துக் குடுக்க முடியுமா?"

டெம்பரவரி நாற்காலியில நிமிந்து உக்காந்தான். மூக்குல இல்லாத கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கிற மாதிரி ஒரு தோரணை வந்துச்சு.

"பாக்கலாம். ஆனா உன் விஷயத்துல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. உனக்கு வண்டியைச் சரி பண்ணத் தெரியும்ல? அப்படிப்பட்ட ஆளை எந்தத் துறைக்குள்ள விடுவாங்க?"

மச்சான் டீயைக் கீழ வெச்சான். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டான்.

"மறந்துட்டேன் மாமா"ன்னான். "இப்பத்தான், முழுசா மறந்துட்டேன்."